நீங்கிய வலிக்கு எது காரணம்?

நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2009 ஆகஸ்டில் ஒரே இதழில் வெளியிட்ட இரண்டு ஆய்வறிக்கைகள் முதுகெலும்பு முறிவுக்கான ஒரு சிகிச்சையைப் பற்றியவை. ஆனால் அவை எழுப்பிய கேள்வி மருத்துவத்தின் எல்லைக்குள் அடங்குவதன்று. வலியால் படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த ஒருவர் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்கிறார். அந்தச் சிகிச்சையைச் செய்வதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்ட வேறொருவரும் ஏறக்குறைய அதே அளவுக்கு வலி தணிந்து எழுந்து நடக்கிறார். அப்படியானால் முதலாமவரின் வலி நீங்கியதற்கு எதைக் காரணம் என்பது? காரணம் இன்னதென்று உறுதிப்படாத நிலையில் அதே சிகிச்சையை மூன்றாமவருக்கு அளிக்கும் உரிமை மருத்துவருக்கு உண்டா? முதல் கேள்வி அளவை நூலுக்கு உரியது, இரண்டாவது அறநூலுக்கு உரியது. முதலாவதை நேர்மையாக எதிர்கொள்ளாமல் இரண்டாவதற்கு விடை காண முடியாது என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

எலும்பு ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டு அப்படியே நிற்கும் பொருளன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைப் படியவைக்கும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் அதற்குள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போதும், முதுமை ஏறும்போதும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளும்போதும் கரைப்பு முந்திக்கொள்ளப் படிவு பின்தங்கி, எலும்பின் உள்வலை மெலிந்து அறுந்துபோகிறது. இதுவே எலும்புப்புரை நோய். இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியைவிட 2.5 திட்ட விலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருப்பதை இந்நோயின் எல்லையாக உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. முள்ளெலும்பின் முன்பகுதியாகிய உடற்பகுதி பெரும்பாலும் நுண்ணறைகள் நிறைந்த மென்மையான எலும்பால் ஆனதால், பெரிய அடி எதுவும் படாமலேயே, குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதும் பலமாக இருமும்போதும்கூட அது நசுங்கிவிடக்கூடும். மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் சந்தியில் இத்தகைய முறிவு மிகுதி. நசுங்கிய எலும்பு முன்புறம் ஆப்பு வடிவம் கொள்வதால் முதுகு கூனுகிறது, உயரம் குறைகிறது, பல எலும்புகள் முறிந்தவர்களுக்கு மூச்சு விடுவதும் வயிறார உண்பதும்கூடக் கடினமாகின்றன. ஆயினும் இம்முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. சிலருக்கு வலியே இருப்பதில்லை, சிலர் அதை வயதின் இயல்பென்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். இச்செய்தி பின்னர் வலியின் இயல்பைப் பற்றிய ஆய்வில் முக்கியமாகும்.

இந்த முறிவுக்குச் செய்யப்படும் சிறுதுளை அறுவை சிகிச்சை வெர்டிப்ரோபிளாஸ்டி எனப்படுகிறது. நோயாளி குப்புறப் படுக்க, தோலையும் எலும்பின் மேலுறையையும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடப்படுகிறது. பிறகு ஊடுகதிர்த் திரையில் பார்த்தபடியே, முள்ளெலும்பின் பின்பகுதியையும் உடற்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலத்தின் வழியாகத் தடித்த ஊசி ஒன்று உள்ளே செலுத்தப்படுகிறது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் பொடியையும் அதன் திரவத்தையும் கலந்தால் உண்டாகும் குழம்பு, சில நிமிடங்களில் சூடேறி இறுகிக் கல்லாகும் தன்மையுடையது. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் ஜான் சார்ன்லி கையாண்டு பரவச்செய்த எலும்புச் சிமெண்ட் இதுவே. ஊடுகதிர்த் திரையில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் சேர்க்கப்பட்ட இந்தக் குழம்பு சில மில்லிலிட்டர் அளவில் நசுங்கிய எலும்புக்குள் செலுத்தப்படும்போது, முறிந்த நுண்துண்டுகள் ஒன்றோடொன்று உராய்வது நிற்பதால் வலி தணிகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கைஃபோபிளாஸ்டி என்னும் மற்றொரு முறையில், சிமெண்டுக்கு முன் சிறிய பலூன் ஒன்றை எலும்புக்குள் ஊதி, இழந்த உயரத்தில் ஒரு பகுதியை மீட்கவும் முயல்கிறார்கள்.

பிரான்சின் அமியன் நகரில் 1984இல் கலிபேர், தெரமோன் என்னும் இரு மருத்துவர்கள், கழுத்து முள்ளெலும்பில் இரத்தநாளக் கட்டி கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் இதைச் செய்தார்கள். 1987இல் அது அறிக்கையாக வெளிவந்தது. கட்டிக்காகத் தோன்றிய முறை எலும்புப்புரை முறிவுக்கு விரைவில் பரவியது. 1990களின் இறுதியில் கைஃபோபிளாஸ்டியும் வந்து சேர்ந்தபின், ஒப்பீட்டுச் சோதனை எதுவும் நிறைவுறும் முன்னரே இவை பல நாடுகளில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டன. இதை வணிக ஆசையின் விளைவென்று மட்டும் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. வாரக்கணக்கில் வலியில் துவண்ட ஒரு மூதாட்டி சிகிச்சை முடிந்த மறுநாளே எழுந்து அமர்வதைக் கண்ணால் கண்ட மருத்துவருக்கு வேறு சான்று தேவையென்று தோன்றாதது இயல்பே. காட்சி அளவையைவிட வலிமையான அளவை எது? ஆனால் மருத்துவர் கண்டது இரண்டு நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டுமே. சிமெண்ட் முன்னும் சுகம் பின்னும் நிகழ்ந்ததைக் கண்டாரேயன்றி, ஒன்றால் மற்றொன்று விளைந்ததைக் கண்டாரல்லர். காரண காரியத் தொடர்பு கண்ணுக்குப் புலப்படுவதன்று; அது கருதி உணரப்படுவது. கருதல் பிழைபடும் வாயில்கள் பல.

2009இன் இரண்டு ஆய்வுகளும் அந்த வாயில்களை அடைக்க முயன்றவை. டேவிட் கால்மஸ் தலைமையில் நடந்த ஒன்றில் 131 பேரும், ஆஸ்திரேலியாவில் ரேச்சல் புக்பைண்டர் தலைமையில் நடந்த மற்றொன்றில் 78 பேரும் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு உண்மைச் சிகிச்சையும் மறுபாதியினருக்குப் பாவனைச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. அந்தப் பாவனை எவ்வளவு நுணுக்கமாக அமைக்கப்பட்டிருந்தது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பாவனைக்குரியவரும் அதே அறைக்குக் கொண்டுவரப்பட்டுக் குப்புறப் படுக்கவைக்கப்பட்டார். அதே மரப்பு ஊசி அவருக்கும் போடப்பட்டது. ஆஸ்திரேலிய ஆய்வில் ஊசி முள்ளெலும்பின் பின்தகடு வரை செலுத்தப்பட்டு, கூர்முனைக்குப் பதில் மழுங்கிய முனை வைத்து எலும்பு மெல்லத் தட்டப்பட்டது. இரண்டு ஆய்வுகளிலும் சிமெண்டின் கடுமையான வாசனை அறை முழுதும் பரவும்படி அந்த வேதிப்பொருள் திறக்கப்பட்டது. சிமெண்ட் மட்டும் உடலுக்குள் செல்லவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் எட்டும் யாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு, ஒரேயொரு வேறுபாட்டை மட்டும் நிறுத்திவைத்த ஏற்பாடு அது.

விளைவு பலரை அதிரச் செய்தது. கால்மஸ் ஆய்வில், பத்து அளவுகொண்ட வலி மதிப்பீட்டில் ஏழை ஒட்டித் தொடங்கிய இரு குழுவினரும் ஒரு மாதத்தில் தணிவு கண்டார்கள். சிமெண்ட் பெற்றவர்களின் சராசரி 3.9, பாவனைக் குழுவினரின் சராசரி 4.6. இந்த இடைவெளி தற்செயலைத் தாண்டியது என்று சொல்லும் அளவுக்கு அமையவில்லை. ஆஸ்திரேலிய ஆய்விலும் ஆறு மாதம் வரை எந்தக் கட்டத்திலும் சிமெண்டுக்குத் தெளிவான மேன்மை தெரியவில்லை. இரு குழுவினருக்கும் வலி கணிசமாகக் குறைந்தது என்பதும், குறைந்ததற்குச் சிமெண்டைக் காரணமாகக் காட்ட முடியவில்லை என்பதும் ஒரே வேளையில் உண்மையாயின.

இவ்விடத்தில் நியாய வைசேடிகத் தருக்கம் கைகொடுக்கிறது. அன்னம்பட்டர் வடமொழியில் எழுதிய தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் மொழிபெயர்த்ததனால், அம்மரபின் கலைச்சொற்கள் தமிழில் கற்றோரிடையே நெடுநாள் வழங்கிவந்தவை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்னும் பாகுபாட்டைச் சைவ சித்தாந்தம் பயின்றோர் அனைவரும் அறிவர். அதைவிடக் கூரிய கேள்வி ஒன்றையும் தருக்க நூலார் எழுப்பினார்கள். காரியத்துக்கு முன்னே நிற்பவை எண்ணற்றவை. அவற்றுள் எது காரணம், எது வெறும் முன்னிகழ்வு? தவறாமல் முன்நிற்பதும், அதே சமயம் அன்யதாசித்தம் அல்லாததும் எதுவோ அதுவே காரணம் என்று அவர்கள் விடை கூறினார்கள். அன்யதாசித்தம் என்பது, அது இல்லாமலேயே காரியம் வேறு வகையில் கைகூடிவிடுமாதலால் காரணம் எனக் கொள்ளத் தேவையற்றது. விசுவநாதரின் காரிகாவலி இதை ஐந்து வகையாக்கி, ஐந்தாவதற்கு மண் சுமந்துவந்த கழுதையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. இந்தக் குறிப்பிட்ட குடத்துக்கு மண்ணைக் கொணர்ந்தது கழுதைதான், அது குடத்துக்கு முன் இருந்ததும் உண்மைதான். ஆனால் கழுதை இல்லாமலும் குடங்கள் உருவாகின்றன. ஆகவே முன்நின்றது என்பதாலேயே அதற்குக் காரணத்தன்மை வாய்த்துவிடாது.

பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிடும் சோதனை, சாரத்தில், இந்த அன்யதாசித்தத்தைக் கண்டறியும் கருவியே. சிமெண்ட் உள்ள இடத்தில் சுகம் உண்டு என்னும் உடன்பாட்டை மருத்துவர்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கண்டிருந்தார்கள். அதற்குத் துணையாக வேண்டியிருந்தது, சிமெண்ட் இல்லாத இடத்தில் சுகம் இல்லை என்னும் எதிர்மறை. தருக்க நூலார் அன்வயம், வெதிரேகம் என்று பெயரிட்ட இரு கால்களில் இரண்டாவதை மருத்துவம் இருபத்தைந்து ஆண்டுகள் ஊன்றிப் பார்க்கவில்லை. ஊன்றிப் பார்த்தபோது அது நிலைகொள்ளவில்லை. இதற்கு விளங்கிக்கொள்ளக்கூடிய ஏதுக்கள் உண்டு. இத்தகைய முறிவு பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே ஆறத் தொடங்குகிறது. மேலும் மனிதர் மருத்துவரை நாடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். ஏறி இறங்கும் இயல்புடைய எதுவும் உச்சத்துக்குப் பின் இறங்கவே செய்யும், ஆதலால் அந்நாளில் எது செய்தாலும் அது பயனளித்ததாகவே தோன்றும். காலமும் இயற்கையும் செய்த வேலைக்குச் சிமெண்ட் பெயர் பெற்றிருக்கலாம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டு, சிமெண்ட் கழுதையே என்று தீர்ப்பளித்துவிடுவது எளிது. பலர் அவ்வாறே தீர்ப்பளித்தார்கள். ஆனால் அதே தருக்க மரபு இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது, அது இந்த ஆய்வுகளைப் பற்றிய விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. வைசேடிகர் ஏழாவது பதார்த்தமாகக் கொண்ட அபாவம், அதாவது இன்மை, தனித்து நிற்கும் ஒன்றன்று. எந்த இன்மையும் ஏதோ ஒன்றினுடைய இன்மையே. எது இல்லையோ அது அந்த இன்மையின் பிரதியோகி, இன்மை எங்கு இருக்கிறதோ அது அதன் இடம். தரையில் குடம் இல்லை என்றால் தரை வெறுமை என்று பொருளாகாது. அங்கே துணியும் விளக்கும் இருக்கலாம். அவ்வாறே பாவனைக் குழுவில் இல்லாதது சிமெண்ட் மட்டுமே. மரப்பு மருந்து இருந்தது; அதுவும் தோலோடு நில்லாமல் எலும்பின் உணர்வு மிகுந்த மேலுறை வரை செலுத்தப்பட்டிருந்தது. பல மாதங்களாகத் தன் வலியை யாரும் பொருட்படுத்தவில்லை என்று வருந்திய ஒருவரை ஒரு குழுவே சூழ்ந்து கவனித்ததும் அங்கே இருந்தது. பாவனையை ‘ஒன்றும் செய்யாமை’ என்று வாசிப்பவர்கள் சிமெண்டின் இன்மையைச் சிகிச்சையின் இன்மையாக மாற்றி வாசிக்கிறார்கள். பிரதியோகி மாறினால் கூற்றே மாறிவிடும்.

பின்வந்த ஆய்வுகள் இந்த நுட்பத்தின் தேவையை உறுதிப்படுத்தின. 2009 ஆய்வுகளில் ஓராண்டு வரை பழைய முறிவுகளும் சேர்க்கப்பட்டிருந்தன என்பது ஒரு முக்கியக் குறை கூறல். 2016இல் லான்செட் இதழில் வந்த, சிட்னி நகரின் நான்கு மருத்துவமனைகளில் 120 பேரிடம் நடந்த வேப்பர் என்னும் ஆய்வு, ஆறு வாரத்துக்கு உட்பட்ட முறிவும் கடுமையான வலியும் உடையவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. பாவனைக் குழுவுக்கு மரப்பு மருந்து தோலுக்கடியில் மட்டுமே தரப்பட்டது, எலும்பு வரை செல்லவில்லை. பதினான்காம் நாளில் வலி நான்குக்குக் கீழே இறங்கியவர்கள் சிமெண்ட் குழுவில் 44 விழுக்காடு, பாவனைக் குழுவில் 21 விழுக்காடு. ஆனால் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்து 2018இல் வெளியான வெர்டோஸ் நான்காம் ஆய்வில், புதிய முறிவுகளையே எடுத்துக்கொண்டும், எலும்பு வரை மரப்பு மருந்து தரப்பட்ட பாவனைக் குழுவைவிடச் சிமெண்ட் குழு மேம்படவில்லை. இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவது, இரண்டிலும் இல்லாமற்போனது ஒன்றேயென்று கொள்வதால்தான். ஒன்றில் சிமெண்டும் ஆழ்ந்த மரப்பும் இல்லை. மற்றொன்றில் சிமெண்ட் மட்டுமே இல்லை. முறிவின் வயதும் இடமும் நோயாளிகளின் நிலையும்கூட வேறுபட்டன. எனவே ‘வெர்டிப்ரோபிளாஸ்டி பயன் தருமா’ என்னும் கேள்விக்கு ஆம், இல்லை என்னும் விடை பொருந்தாது. எவருக்கு, முறிந்து எத்தனை நாளில், எதனோடு ஒப்பிட்டு என்று வரையறுத்த பின்னரே அது கேள்வியாக நிற்கும்.

பாவனை பெற்றவர் அடைந்த சுகம் மெய்யா என்பது இதை ஒட்டி எழும் கேள்வி. ‘அதெல்லாம் மனப்பிரமை’ என்னும் சொல் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படுகிறது. அது முதியவர்களை, குறிப்பாக முதிய பெண்களை, எவ்வளவு காயப்படுத்துகிறது என்பதைச் சொல்பவர்கள் உணர்வதில்லை. நியாய வைசேடிகம் இங்கும் தெளிவான நிலைப்பாடு கொண்டது. இன்பமும் துன்பமும் ஆன்மாவின் குணங்கள்; மனம் என்னும் உட்கருவியால் நேரே அறியப்படுபவை. எலும்பு முறியலாம், நசுங்கலாம், ஆறலாம்; ஆனால் எலும்புக்கு வலிக்காது, வலிப்பது எலும்பை உடையவருக்கு. மூன்றில் இரண்டு பங்கு முறிவுகள் கண்டறியப்படாமலே கடந்துபோவதும், படத்தில் ஒரேபோல் தெரியும் முறிவுடைய இருவரில் ஒருவர் துடிக்க மற்றவர் இயல்பாக நடமாடுவதும் இதற்கு இசைவானவை. ஆதலால் வலி உள்ளதா இல்லையா என்பதற்கு ஊடுகதிர்ப் படம் சான்றாகாது. அதை உடையவரின் சொல்லே அளவை. அவர் தணிந்தது என்றால் தணிந்ததுதான். இன்றைய உடலியலும் இதற்கு எதிரானதன்று. பல் பிடுங்கிய நோயாளிகளிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் 1978இல் செய்த ஆய்வில், மருந்துப்போலியால் தணிந்த வலி, அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் கொடுக்கப்பட்டபோது மீண்டும் கூடியது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கொள்ளப்பட்டது. போலி எனப்படுவது மருந்தே அன்றி, அதனால் வந்த தணிவு அன்று.

தணிவு மெய்யென்றால் ஒரு வாதம் உடனே எழுகிறது. சிமெண்டாலோ பாவனையாலோ நோயாளிக்குச் சுகம் கிடைக்கும்போது, காரணத்தைத் துருவி ஆராய்ந்து அந்தச் சுகத்தைக் குலைப்பானேன்? நன்மை விளையுமானால் மருத்துவர் சற்று மறைத்துப் பேசினால்தான் என்ன? திருக்குறளின் வாய்மை அதிகாரத்தையே இதற்குத் துணையாக அழைக்கலாம். நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் இடத்தை அளிக்கும் கருத்து அங்கே உண்டு. ஆனால் வள்ளுவர் அதற்கு விதித்த நிபந்தனை, அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது. அறியப்பட்ட பயனின்றிச் செலுத்தப்படும் சிமெண்ட் அந்த நிபந்தனையில் தேறாது. குழம்பு எலும்பின் விரிசல்கள் வழியாகவும் நாளங்கள் வழியாகவும் வெளியே கசிவது அரிதன்று. பெரும்பாலும் அது தீங்கின்றி நின்றுவிடுகிறது என்றாலும், தண்டுவடக் கால்வாய்க்குள் புகுந்து நரம்பை அழுத்தியதும், இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து நாளத்தை அடைத்ததும் பதிவாகியுள்ளன. செலவும் சிறிதன்று. இவை யாவும் உண்மையான தேவை உள்ளவருக்கு ஏற்கத்தக்க ஆபத்துகள். தேவை இல்லாதவர்மீது, நல்லெண்ணத்தின் பெயரால் அவர் அறியாமல் சுமத்தப்படும்போது அவை குற்றமாகின்றன. தன் உடலைத் திறக்க ஒருவர் இசைவது, திறப்பவர் காரணத்தை அறிந்து சொல்கிறார் என்னும் நம்பிக்கையின் பேரில். அந்த நம்பிக்கையைச் சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டு அதற்குரிய உண்மையைத் தர மறுப்பது, ஒரு மனிதரை வெறும் சாதனமாக நடத்தலாகாது என்று இம்மானுவேல் காண்ட் வகுத்த எல்லையை மீறுவதாகும்.

எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதையும் தவிர்க்கலாகாது. உண்மையை அறிவதற்காகவே என்றாலும், நோயுற்ற ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து, பயனில்லை என்று தெரிந்தே ஊசி செலுத்தி, சிமெண்ட் வாசனையைப் பரப்பி நம்பவைப்பது அறமா? இந்தக் கேள்வி புதிதன்று. 1959இல் லியனார்ட் காப் என்பவரும் அவர் குழுவினரும், நெஞ்சுவலிக்காக அக்காலத்தில் செய்யப்பட்ட மார்புத் தமனிக் கட்டுச் சிகிச்சையைப் பதினேழு பேரிடம் சோதித்தார்கள். பாதிப்பேருக்குத் தோல் மட்டும் கீறப்பட்டது, தமனி கட்டப்படவில்லை. இரு சாராரும் ஒரேபோல் தேறினார்கள், அச்சிகிச்சையும் வழக்கொழிந்தது. ஆனால் தங்களில் சிலருக்குப் பாவனை மட்டுமே நடக்கும் என்பது அந்த நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர் 1990களில் பார்க்கின்சன் நோயாளிகளின் மண்டையோட்டில் பாவனைக்காகத் துளையிட்ட ஆய்வு நடந்தபோது, ஆய்வுக்கு உட்படுபவரின் நலனைக் காக்கும் கடமையும் ஆய்வின் செப்பமும் இங்கே மோதுகின்றன என்று ரூத் மேக்லின் 1999இல் வன்மையாக வாதிட்டார்.

2009 ஆய்வுகள் காப்பின் ஆய்விலிருந்து அறவகையில் வேறுபடுவது ஓர் இடத்தில்தான், ஆனால் அந்த இடம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பங்கேற்றவர்களிடம் பாவனைச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு உண்டென்பது முன்கூட்டியே சொல்லப்பட்டு, ஒப்புதல் பெறப்பட்டது. எந்தக் குழு என்பதே மறைக்கப்பட்டது. மறைக்கப்படும் என்பது மறைக்கப்படவில்லை. ஒருவர் தாமே இசைந்து ஏற்கும் அறியாமை ஏமாற்று ஆகாது. அதை ஒருவகைக் கொடை என்றே கொள்ளலாம். வலியோடு இருக்கும் மூத்தவர் ஒருவர், தமக்கு உடனே கிடைக்கக்கூடியதை ஒரு குலுக்கலுக்கு ஒப்படைத்து, தாம் அறியாத பிற நோயாளிகளுக்காகத் தம் முதுகை ஒரு கேள்வியின் களமாக்கித் தருகிறார். கால்மஸ் ஆய்வு 250 பேரை எண்ணித் தொடங்கி 131 பேரோடு முடிய நேர்ந்தது, இசைவோரைத் திரட்டுவது கடினமாயிருந்ததால்; இசைந்தவர்களின் கொடை எவ்வளவு அரியது என்பதற்கு அதுவே சாட்சி. பாவனையற்ற சோதனைகள் போதாவா என்றால், போதா. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 202 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த வெர்டோஸ் இரண்டாம் ஆய்வு, பாவனையின்றி, மாத்திரை முதலிய வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு, சிமெண்டே சிறந்தது என்று கண்டது; அதே குழுவினர் பாவனையோடு செய்த பிந்தைய ஆய்வில் அந்த மேன்மை மறைந்தது. பாவனை இல்லாதிருந்தால் கழுதைக்கும் தண்டத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாமலே போயிருக்கும். இசைவோடு நடக்கும் பாவனை ஆய்வு, இசைவின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரணம் அறியாச் சிகிச்சையைவிட அறத்துக்கு அருகில் நிற்கிறது.

ஆஸ்திரேலிய அரசு 2011இல் இச்சிகிச்சைக்கான பொதுக் காப்பீட்டு நிதியை நிறுத்தி, 2020இல், அண்மையில் ஏற்பட்ட, கடுமையான வலி தரும் முறிவுகளுக்கு மட்டும் அதை மீண்டும் அனுமதித்தது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தடுமாற்றம் என்று கேலி செய்வோர் உண்டு. உண்மையில் ஒரு காரணக் கூற்றின் எல்லை மெல்ல வரையறுக்கப்பட்டு வரும் முறை இதுவே. புற்று பரவி முள்ளெலும்பு நசுங்கியவர்களின் நிலை முற்றிலும் வேறு, அவர்களுக்கு மேற்கண்ட முடிவுகளை அப்படியே பொருத்தக் கூடாது.

இந்த விவாதம் முழுவதிலும் ஒதுக்குப்புறமாகக் கிடப்பது முதற்காரணம். சிமெண்ட் நிரப்பப்பட்ட எலும்பு ஒன்று. அதே நோயால் மெலிந்து நிற்கும் எலும்புகள் பல. ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள்ளேயே மற்றொன்று முறிகிறது என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப், டெரிபாரடைட் முதலிய மருந்துகள் இந்த வாய்ப்பைக் கணிசமாகக் குறைப்பவை என்பது பாவனை மருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டது. அவற்றின் காரணத்தன்மை சிமெண்டினதைவிட உறுதியானது. ஆயினும் முறிவு கண்டறியப்பட்டவர்களில் மிகப் பலர் இவற்றில் எதையும் பெறாமலே வீடு திரும்புகிறார்கள். வலி என்னும் காரியம் கண்முன் கதறுவதால் அதன்மீதே கைகள் பாய்கின்றன; ஓசையின்றி நடக்கும் எலும்புக் கரைவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேற்கண்ட ஆய்வு ஒரு மருத்துவரின் நாவில் எவ்வாறு வந்து சேர வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். முறிந்து இரண்டு மூன்று வாரமேயாகி, எம்ஆர்ஐ படத்தில் எலும்பு மஜ்ஜையின் வீக்கம் தெளிவாகத் தெரிந்து, வலிமையான மருந்துகளுக்கும் அடங்காத வலியால் படுக்கையில் கிடப்பவரிடம், சிமெண்ட் தங்களைப் போன்றோருக்கு உதவியதாக ஓர் ஆய்வும் உதவவில்லை என்று வேறோர் ஆய்வும் சொல்கின்றன, ஆபத்துகள் இவை, காத்திருந்தாலும் வலி தணியும் வாய்ப்பு இவ்வளவு, படுத்தே கிடந்தால் வரும் தீங்குகள் இவை என்று கூறி, முடிவை அவரோடு சேர்ந்தே எடுப்பது பொருந்தும். நான்கு மாதம் கடந்து, மெல்லத் தணிந்துவரும் வலியோடு வருபவரிடம், எலும்பு ஆறிக்கொண்டிருக்கிறது என்றும், அவருக்குச் சிமெண்டால் கூடுதல் பயன் உண்டென்று காட்ட முடியவில்லை என்றும் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அவ்வளவோடு அனுப்பிவிட்டால், சிமெண்ட் குழுவும் பாவனைக் குழுவும் ஒருசேரப் பெற்றதை, அதாவது தொட்டுப் பரிசோதித்த கையையும், பொறுமையாகக் கேட்ட காதையும், மீண்டும் வரச் சொல்லிக் குறித்த நாளையும் அவருக்கு மறுத்ததாகும். அவை இரண்டு குழுவிலும் இருந்தவை. ஆகவே அவை தேவையற்றவை என்று எந்த ஆய்வும் இதுவரை காட்டவில்லை. எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் மருந்துக்கும் அதே வருகையில் ஏற்பாடு செய்து, ஆறு வாரத்தில் திரும்பப் பார்ப்பதாக நாள் குறித்துக் கொடுப்பதற்குச் சிமெண்ட் தேவையில்லை.